செலினின் தலையும் என் சீப்பும்

சிகையலங்காரம் செய்பவளிடம் பெண்கள் இரண்டு விடயங்களில் மட்டும் உண்மை பேசுவதில்லை: தலையில் இருப்பதில் சொந்த முடி எவ்வளவு என்பது ஒன்று, கடைசியாக எப்போது சிக்கெடுத்தார்கள் என்பது மற்றொன்று. நாவற்குடாவில் என் வீட்டு முன்னறையில் நாற்பது ஆண்டுகளாக இத்தொழிலைச் செய்துவருகிறேன். கொழும்பில் முறையாகப் பயின்று சான்றிதழ் பெற்றவள் நான். பிறகு பல பெண்களுக்குக் கற்பித்தும் இருக்கிறேன். அதனால் ஊரார் என்னை ‘டீச்சர்’ என்பார்கள். சீப்பைப் பிடித்துக் கை மரத்தவர்களும், சீப்புக்குத் தலையைக் கொடுத்துக் கண் கலங்கியவர்களுமாகிய உங்களுக்கு, நான் சொல்லப்போகும் துன்பங்கள் புதியவையாக இரா.

இவற்றுள் பெரும்பாலானவை செலின் என்ற ஒரே பெண்ணின் தலையைப் பற்றியவை. அவளுடைய முன்னோர் போர்த்துக்கேயர் காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். அவளுடைய தந்தை வாவியில் வலை வீசுபவர். வீட்டில் பேசுவது நம்முடைய தமிழ். அந்தப் பழைய கரையிலிருந்து குறையாமல் அவளிடம் வந்து சேர்ந்தவை நிறமும் முடியும். அடர்ந்து, நெருக்கமாகச் சுருண்டு, கீழே தொங்காமல் வெளிநோக்கி வளரும் அந்த முடிக்கு என் பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம்கூட ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

முதல் நன்மை

எட்டு வயதில் முதல் நன்மை, அதாவது கோயிலில் முதன்முதலாக நற்கருணை, பெறவிருந்த அன்று, செலினை அவளுடைய தாய் மேரி அழைத்துவந்தார். வெள்ளை முக்காடு தலையில் படிந்து நிற்பதற்காக முடியை நேராக்கித் தரும்படி கேட்டார். எனக்கு அப்போதுதான் ஸ்ட்ரெயிட்னர் ஒன்று வந்திருந்தது. அதனைப் பயன்படுத்திப் பார்க்கும் ஆசை எனக்கும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் பக்கத்தில் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைக்காமல் எந்தத் தாயும் பிள்ளையை வெளியே அனுப்பமாட்டார். அன்று விசேட நாள் என்பதால் மேரி இரு மடங்காக வைத்திருந்தார். எண்ணெய்த் தலையில் சூட்டைத் தொடவிடக்கூடாது என்பதை என் மாணவிகளுக்கு முதற் பாடமாக எழுதிக்கொடுத்தவள் நான். ஆயினும், அத்தகைய முடியை அதுவரை தொட்டறியாத நான், அதன் இயல்பான பளபளப்பே அதுவென்று எண்ணிவிட்டேன். முதற் பிடியிலேயே அது சீறிப் புகைந்தது. காதுக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்குக் கருகிய முடி என் கையோடு வந்தது. பிள்ளை அழவில்லை, கண்ணாடியில் புகை மேலெழுவதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். மேரி கருகிய இடத்தின்மீது முக்காட்டை இழுத்துவிட்டுச் சொன்னார்:

“பரவாயில்ல டீச்சர், கோயிலுக்குப் போகமுந்தியே தூபம் காட்டியாச்சு.”

ஈயம் கட்டிய பின்னல்

பாடசாலையில் இரட்டைப் பின்னல் கட்டாயம். பின்னல் தோளில் விழவேண்டும் என்பது சட்டத்தில் இல்லை. ஆனால், விழும் என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். செலினின் பின்னல்கள் இரண்டும் காதுக்கு மேலே இருபுறமும் நீட்டிக்கொண்டு நின்றன. வகுப்பாசிரியை கண்டித்துக் கடிதம் அனுப்பினார். பையன் ஒருவன் அவளைத் ‘தும்புத்தடி’ என்று அழைக்கத் தொடங்கினான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், அது முற்றம் கழுவும் தென்னந்தும்புத் துடைப்பம்.

இதற்கு வழிகண்டவர் தந்தை. வீச்சுவலையின் விளிம்பில் கோக்கும் ஈயக்குண்டுகளில் நான்கைக் கழற்றிக் கொண்டுவந்து, ரிபனின் மடிப்புக்குள் வைத்துத் தைக்கும்படி என்னிடம் கேட்டார். வலை நீரில் அமிழ்வதற்குப் பயன்படுவது பின்னலுக்கும் பயன்படாதா என்பது அவருடைய வாதம். எனக்கு மறுப்பு எதுவும் தோன்றவில்லை. பின்னல்கள் ஒழுங்காகத் தொங்கின, ஆசிரியையும் திருப்தியடைந்தார். மூன்றாம் நாள், அந்தப் பையன் நெற்றியில் புடைப்போடு வீடு திரும்பியதாகச் செய்தி வந்தது. நான் செலினை அழைத்துச் சற்றுக் கடுமையாகவே விசாரித்தேன்.

“நான் ஒண்டும் செய்யல்ல டீச்சர். அவன் பின்னால நிண்டு கூப்பிட்டான், டக்கெண்டு கிறுகித் திரும்பித்தான் பாத்தன்.”

துணைக்கு வந்தது

செட்டிபாளையத்து மணப்பெண் ஒருத்தியின் சொந்தப் பின்னல் என் சுண்டுவிரல் பருமன். அதற்கு மூன்று சவரி வைத்துக் கட்டினேன். சவரி என்பது கழிந்த முடியைச் சேர்த்துக் கட்டிய பொய்ப் பின்னல். இந்த நாட்டில் சவரி வைக்காத மணப்பெண்ணை நான் அதுவரை கண்டதில்லை. படம் எடுக்கும்போது, பெண்ணின் இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னலைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வியந்தார்கள். பெண்ணின் தாயோ, இதெல்லாம் எங்கள் பரம்பரையில் வருவது என்று பெருமையோடு விளக்கினார். அப்போது நான் அருகில் ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்:

“மறுகா ஒண்டும் சொல்லிப்போடாதீங்க டீச்சர். முடி அவளுடயதுதான், மத்தது சும்மா துணைக்கு.”

யாரும் காணாத முடி

என்னோடு பத்து ஆண்டுகளாக வேலை செய்யும் பரீதா காத்தான்குடியைச் சேர்ந்தவர். புருவம் திருத்துவதும் மருதோன்றி இடுவதும் அவருடைய பொறுப்பு. அவரைத் தேடிவரும் பெண்கள் கதவைத் தாழிட்டு, திரையை இழுத்துவிட்ட பின்னரே முக்காட்டை நீக்குவார்கள். முடிக்கு மிகுந்த கவனம் செலுத்துபவர்களும் அவர்களே. வெளியில் யாரும் காணாத முடிக்கு இத்தனை மெனக்கெடல் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். பரீதா நூலைப் பல்லிலிருந்து எடுத்தார்.

“கண்ணாடியில நாங்க பாக்கிறதில்லயா டீச்சர்? அப்ப நாங்க ஆக்களில்லயா?”

தைத்த தலை

செலின் கட்டாருக்குப் போய், ஹோட்டல் ஒன்றின் வரவேற்பு மேசையில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தாள். சென்ற ஆண்டு திரும்பிவந்தபோது இடுப்பளவு நேரான முடியோடு என் வாசலில் நின்றாள். எனக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. அவளோடு அறையைப் பகிர்ந்த கென்யா நாட்டுப் பெண் அதைத் தைத்துவிட்டாளாம். சொந்த முடியைத் தலையோடு ஒட்ட, வரிசை வரிசையாக இறுக்கிப் பின்னி, அப்பின்னலின் மேல் வளைந்த ஊசியால் வேறு முடியைத் தைத்துச் சேர்ப்பது. பிரித்துப் பார்த்தேன். தையல்கள் ஒன்றுக்கொன்று ஒரு நூலிழைகூட விலகாமல் இருந்தன. அவ்வளவு சுத்தமான கைவேலையை நான் என் மாணவிகள் எவரிடமும் கண்டதில்லை.

ஆனால், நெற்றியோரம் வேறொன்றைச் சொன்னது. ஆறு ஆண்டுகள் ஓயாமல் இழுபட்ட இடத்தில் முடி பின்வாங்கி, தோல் மினுங்கியது. இன்னும் ஒருமுறை தைத்தால் அங்கே திரும்ப முளைக்கும் என்று என்னால் உறுதி கூற முடியாது என்றேன். அவள் வந்ததோ திரும்பத் தைத்துக்கொள்வதற்காக. இரண்டு மாதத்தில் கலியாணம். கட்டாரில் சாரதியாக இருக்கும் தேற்றாத்தீவு அன்ரன்தான் மாப்பிள்ளை. அவன் அவளுடைய சொந்த முடியைக் கண்டதேயில்லை. அவனுடைய தாய் ஞானம்மா, மருமகளின் இடுப்பளவு முடியைப் படத்தில் பார்த்து, ஊரெல்லாம் காட்டியும் முடித்திருந்தார். இவ்வளவும் சொல்லிவிட்டு, செலின் நெற்றியைத் தடவிக்கொண்டு இருந்தாள். ஆறு வருடமும் வலிக்கவில்லையா என்று கேட்டேன்.

“வலிச்சதுதான் டீச்சர். ஆனா, அந்த ஆறு வருசமும் ஒருத்தரும் என்ட தலயத் திரும்பிப் பாக்கல்ல. அது எனக்கு நல்ல சுகமா இருந்திச்சு.”

பாதித் தலை

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. எங்கள் பகுதியில் கலியாணம் முடிந்து மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் குடியிருப்பார். மூன்றாம் நாள் இருவரும் மாப்பிள்ளையின் தாய்வீட்டுக்குப் போய்ச் சில நாள் தங்குவார்கள். அதைக் கால்மாறிப் போதல் என்போம். அங்கே முதல் நாள் காலை, மருமகளின் தலையில் மாமியார் தம் கையால் எண்ணெய் தேய்த்துக் கிணற்றடியில் முழுகவார்ப்பது ஞானம்மா வீட்டு வழக்கம். ஆகவே, தையலை அவருடைய விரல்கள் கண்டுபிடிக்காமல் போகாது.

நான் ஒரு யோசனை சொன்னேன். அதை எண்ணி இன்றும் கூசுகிறேன். கலியாணத்துக்கு மட்டும் தளர்வாகத் தைப்போம், மறுநாள் கழற்றிவிடுவோம், காய்ச்சலில் முடி கொட்டிற்று என்று சொல்லிக்கொள்ளலாம் என்றேன். ஒரே இரவில் இரண்டடி கொட்டுகிற காய்ச்சலுக்கு மாமியார் வைத்தியரையும் அழைத்துக்கொண்டு வருவார் என்றார் பரீதா. செலின் முதலில் பழையதைக் கழற்றும்படி மட்டும் சொன்னாள். இடது பாதியைக் கழற்றி, பின்னலை அவிழ்த்து, சிக்கெடுத்து முடித்தபோது, கையை நீட்டித் தொலைபேசியை எடுத்தாள். நான் தடுப்பதற்குள் வீடியோவில் அன்ரன் வந்துவிட்டான். இடப்பக்கம் விரல் நீளத்துக்குச் சுருண்ட முடி. வலப்பக்கம் இடுப்புவரை நேர்முடி. நெற்றியோரத்தையும் விளக்கில் காட்டினாள். இதுதான் தன்னுடையது, மற்றது தைத்தது, இனித் தைக்கப்போவதில்லை, யோசித்துச் சொல் என்றாள். அன்ரன் தொலைபேசியை முகத்தருகே கொண்டுவந்து பார்த்தான். பரீதா விசிறியை நிறுத்தினார்.

“சரி. அம்மாட்ட நீ சொல்லுறியா, நான் சொல்லட்டா?”

ஞானம்மாவின் பொதி

சொன்னவன் அன்ரன். அடுத்த கிழமையே ஞானம்மா தேற்றாத்தீவிலிருந்து பஸ் ஏறி, நேரே என் முன்னறைக்கு வந்தார். செலினையும் வரச்சொல்லியிருந்தார். மடியிலிருந்து துணிப்பொதி ஒன்றை எடுத்து அவிழ்த்தார். உள்ளே ஒரு நீண்ட சவரி. சீப்பில் கழிந்த தம் முடியைப் பல ஆண்டுகள் சேர்த்துத் தாமே கட்டியது என்றார். முடிக்குள் நரையே இல்லை, இளவயதிலேயே தொடங்கியிருக்கவேண்டும். மகள்மாருக்கும் கொடுக்காததை மருமகளுக்குக் கொண்டுவந்திருந்தார். கோபத்தோடு வரும் மாமியாரைச் சமாளிக்க நான் ஆயத்தமாக இருந்தேன். அன்போடு வந்தவரை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

செலின் அதை இரு கையாலும் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டாள். இதைத் தாங்குவதற்கு நெற்றியோரத்தில் முடி போதாது என்று நான் சொல்ல வாயெடுத்தேன், அவள் முந்திக்கொண்டாள். “மாமி, இத நான் பெட்டிக்குள்ள பத்திரமா வெச்சிக்கிறன். தலயில வெச்சா, கால்மாறி வந்த அண்டைக்கு உங்கட கையாலதான் கழட்டோணும்.” ஞானம்மா எழுந்து, அவளுடைய முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, மினுங்கிய நெற்றியோரத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். முகத்தில் ஏமாற்றம் இருந்தது. அதை அவர் மறைக்கவும் முயலவில்லை. வெற்றுத் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்:

“படத்தக் கொண்டு திரிஞ்சு காட்டினது நான்தானே. ஊரில கேட்டா நானே சொல்லிக்கிறன்.”

கிணற்றடி

கலியாணத்தன்று செலின் தன் முடியோடுதான் போனாள். சுற்றிலும் ஒரே அளவாகக் கத்தரித்து, நெற்றியோரம் சிறுபூக்கள் வைத்தேன். கோயிலில் சிலர் பார்த்தார்கள். சிலர் பார்த்துவிட்டுப் பேசினார்கள். அவற்றை நான் கேட்டேன், அவளும் கேட்டாள். பலிபீடத்துக்கு அவள் நடந்த வேகம் அதனால் மாறவில்லை. முக்காட்டைப் பற்றி மட்டும் தொழில்முறையில் ஒன்று சொல்லவேண்டும்: நேர்முடியில் பன்னிரண்டு ஊசி குத்தியும் வழுக்கும் முக்காடு, அந்த முடியில் ஒரே சீப்பைச் செருகியதில் மாலைவரை நின்றது.

கால்மாறிப் போன மூன்றாம் வாரம், ஞானம்மா தம் இளைய மகளுக்கு முடி வெட்டுவதற்காக வந்தார். முழுகவார்த்த அன்றைய செய்தியை நானாகக் கேட்பது முறையல்ல, ஆயினும் கேட்டேன். எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகச் செலவானதாம், விரல் உள்ளே போகச் சற்று நேரம் எடுத்ததாம், மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லையாம். பிறகு, இடுப்பளவு ஈர முடியோடு கதிரையில் இருந்த மகளை ஒரு பார்வை பார்த்தார்.

“தல காயல்ல, தல காயல்லயெண்டு இவளுகள் பகல் பன்ரெண்டு மட்டுக்கும் அடுப்படிக்கு வரமாட்டாளுகள் டீச்சர், மருமகளுக்கு அந்தச் சாட்டே இல்ல.”

முடியின் நீளத்துக்குக் கிடைத்துவந்த மரியாதை இப்போது அது உலரும் வேகத்துக்குக் கிடைக்கத் தொடங்கியிருப்பதை, எங்கள் தொழிலில் முன்னேற்றம் என்றே நான் பதிவுசெய்துகொள்கிறேன்.