என் மனைவி காட்டிய பாறை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கியிருக்கிறேன். எழுதினால் என் தவற்றையும் சேர்த்து எழுத வேண்டுமே. போன கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்துதான் பேனாவை எடுத்தேன்.

இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் ஓர் ஆடி மாதம். என் மனைவி அப்போதுதான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் லைன் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எனக்கு அதில் இஷ்டமே இல்லை. எங்கள் இருவரையும் சேர்த்துச் சொந்தக்காரர்கள் பதினோரு பேர் மூட்டைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜவ்வாது மலையில் ஒரு முருகன் கோயிலுக்கு நடந்தோம். வழியில் ஓடைக்கரையில் தங்கல். மணல் மெத்தென்று இருக்கிறதே என்று தண்ணீருக்குப் பக்கத்திலேயே தார்ப்பாய் கட்டச் சொன்னவன் நான்தான்.

மூட்டையை இறக்கியதும் என் மனைவி மேட்டில் ஒரு பாறையைக் காட்டினாள். தட்டில் கரண்டியால் அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எல்லோரும் அங்கே ஏறிவிட வேண்டும், பொருளுக்காக யாரும் திரும்பக் கூடாது என்றாள். தீப்பிடித்தால் என்ன செய்வது என்று கம்பெனியில் அப்படித்தான் பழக்குவார்களாம். ஒரு தடவை எல்லோரையும் ஏறச் சொன்னாள்.

"இன்னா அண்ணி, இங்கியும் ஷிப்டு போட்டுட்டியா?" என்றான் என் தம்பி.

"சிரிச்சிகினே ஏறு" என்றாள்.

நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

மதியம் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு நல்ல வெயில், மலை உச்சியில் மட்டும் கருத்திருந்தது. பாத்திரம் கழுவப் போன என் மனைவி, தெளிந்த தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கிச் சருகோடு வருவதைப் பார்த்திருக்கிறாள். உடனே தட்டுச் சத்தம். சிரித்தவர்கள் அத்தனை பேரும் ஏறி ஓடினார்கள். நான் மட்டும் பாதியில் திரும்பினேன். பூஜை அலமாரியிலிருந்து மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்த பித்தளை வேல் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. அதை எப்படி விட்டுவிட்டுப் போவேன்?

பாறை மேல் தலை எண்ணியவளுக்குப் பத்துதான் வந்திருக்கிறது. இறங்கி வந்து, முழங்கால் தண்ணீரில் நின்ற என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அதுவரை என்னை நீ என்று சொல்லாதவள்.

"சாமிய நீ தூக்க வேணாம். அது நம்மள தூக்கும். ஏறுய்யா மேல."

ஏறித் திரும்பிப் பார்த்தால் தார்ப்பாயும் இல்லை, அடுப்பும் இல்லை, வெள்ளம்தான். மறுபடி எண்ணினாள். பதினொன்று. கிண்டல் செய்த என் தம்பி அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

வேல் போய்விட்டது. அவள் கையிலேயே இருந்த கரண்டி மட்டும் வீடு வந்து சேர்ந்தது. அடுத்த வாரத்திலிருந்து கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு நானே அவளை சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன்.

எங்கள் ஊரில் இந்தக் கதையை, நான்தான் வேலைத் தூக்கிக்கொண்டு முன்னே ஓடி எல்லோரையும் காப்பாற்றியதாகச் சொல்கிறார்கள். நான் மறுத்ததில்லை. அவளும் ஒரு நாளும் திருத்தியதில்லை. முருகன் முன்னால் நிற்கத்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் ஒன்றையும் மாற்றாமல் சொல்லுங்கள். திரும்பி ஓடியவன் நான். எண்ணிப் பார்த்து இறங்கி வந்தவள் அவள். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அந்தக் கரண்டிக்குப் பொட்டு வைக்கும்போது, இவளை எனக்குக் கொடுத்தாயே என்று முருகனிடம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.