கருவண்டின் முதுகில் நின்றவள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய் பிசாசு என்றால் நடுங்குகிற ஆள் இல்லை. சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் பதினோரு வருடம் குப்பை கொட்டியவள். யாராவது வந்து 'அதுவா தானா நடந்துச்சு' என்று சொன்னால், 'எங்கே, திரும்ப நடத்திக் காட்டு' என்று கேட்பதுதான் என் வேலையே. ஆற்காட்டில் என் அத்தை தலைவலிக்குக்கூட மந்திரிக்க ஆள் கூப்பிடுவாள், நான் மாத்திரையை விழுங்கிவிட்டுப் போர்த்திப் படுத்துக்கொள்வேன். ஆகவே நீங்கள் உதட்டைப் பிதுக்குவது எனக்குத் தெரிகிறது, பிதுக்கிக்கொள்ளுங்கள், நானும் அந்தக் கட்சிதான். ஆனால் நடந்ததை நடக்கவில்லை என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லச் சொல்லி ஒருவர் கேட்டார், வம்பே அங்கேதான் பெரிதானது.

லிங்கராஜபுரத்தில் ஒரு வீட்டின் இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறேன். போன வருடம் மேக்ரோ போட்டோ பைத்தியம் பிடித்தது. எறும்பு, ஈ, வண்டு என்று எதைப் பார்த்தாலும் லென்ஸைக் கொண்டுபோய் முகத்தில் வைப்பேன். அவ்வளவு கிட்டே போனால் ஒரு தொல்லை உண்டு, வண்டின் மீசை தெளிவாக இருந்தால் கண் மங்கிவிடும், கண் தெளிவானால் முதுகு மங்கிவிடும். அதற்குத்தான் ஃபோகஸ் ஸ்டாக்கிங். கேமராவை ரெயில் என்கிற ஒரு சின்ன நகரும் சட்டத்தில் பூட்டி, மயிரிழை மயிரிழையாக முன்னால் நகர்த்தி நூறு படம் எடுக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் தெளிவாக விழுந்த கீற்றை மட்டும் கம்ப்யூட்டர் பொறுக்கி ஒரே படமாகச் சேர்க்கும். நடுவில் எது அசைந்தாலும் போச்சு, அசைந்ததற்கு இரண்டு மூன்று விளிம்பு வந்து கலைந்துவிடும்.

மெயின் ரோட்டில் பஸ் போனாலே என் மேசை ஆடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் எடுப்பேன், எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்போது சர்ச்சில் இருப்பார்கள், ரோடும் கொஞ்சம் ஓயும். ஃபேனை நிறுத்திவிட்டு, பட்டனை அழுத்திவிட்டு, ஆறடி தள்ளி பிளாஸ்டிக் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். பன்னிரண்டு நிமிடம் எழுந்திருக்கக் கூடாது, நடந்தால் தரை அதிரும். கேமரா தானாக நகர்ந்து தானாக எடுத்துக்கொள்ளும்.

அன்றைக்கு பால்கனியில் ஒரு கருவண்டு செத்துக் கிடந்தது. முதுகு புது ஸ்கூட்டர் மாதிரி பளபளவென்று இருந்தது. இப்படிப் பளபளக்கிற பொருளைச் சுற்றி டிஷ்யூ பேப்பரால் ஒரு கூண்டு கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அறை முழுவதும் அதன் முதுகில் தெரியும். புதிதாகக் கற்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது, நானும் அவசரத்தில் கூண்டு கட்டாமலேயே எடுத்துத் தொலைத்தேன்.

படத்தைச் சேர்த்து முடித்துப் பெரிதாக்கிப் பார்த்தால் வண்டின் முதுகில் என் அறை. ஜன்னல், பீரோ, நாற்காலியில் நான். நான் கலைந்துபோய் இருந்தேன், எனக்கு மூன்று தோள்பட்டை. அது சரிதான், எவ்வளவு ஆடாமல் உட்கார்ந்தாலும் மூச்சு விட்டால் மார்பு ஏறி இறங்கும் அல்லவா? ஆனால் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். நம்பினால் நம்புங்கள், வெளிர்ப் புடவை, கொசுவத்தை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. ஒரு கை என் நாற்காலியின் முதுகில் இருந்தது. முகம் குனிந்திருந்தது, கேமராவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெளிவாக விழுந்தாள் என்றால் என்ன அர்த்தம்? பன்னிரண்டு நிமிடம் அவள் மூச்சே விடவில்லை என்று அர்த்தம்.

பயந்தேன், ஆமாம், அதில் என்ன பொய். ஆனால் பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. உள்தாழ்ப்பாள் போட்ட வீடு, வாடகை கொடுக்கிறவள் நான், எவள் இவள்? கீழே இறங்கிப் போய் வீட்டுக்காரம்மா ஸ்டெல்லா ஆன்ட்டியைக் கேட்டேன், இந்த வீட்டில் யாராவது செத்திருக்கிறார்களா என்று. அவருக்கு வந்ததே கோபம்.

"ஏன்மா கலா, நானே வெயில்ல நின்னு கட்டுன வீடு. ஒரு சாவு கெடையாது இதுல. அந்த மாடிக்கு நீதான் ஃபர்ஸ்ட் டெனன்ட், தெரியும்ல?"

ஆக, அந்தக் கதையும் இல்லை.

எங்கள் போட்டோ குழு தொம்மலூரில் ஒரு சின்ன ஹாலில் கண்காட்சி வைக்க இருந்தது. என் படம் சுவரில் ஏறப்போகிற முதல் தடவை. வேண்டுமென்றே இந்தப் படத்தைத்தான் அனுப்பினேன். குழுவை நடத்துகிறவர் சுதாகர் சார், மூன்று தலைமுறையாகத் தொம்மலூர்க்காரர், பேச்சில் கன்னடம் கலந்து வரும். படத்தைப் பார்த்த அன்றே கூப்பிட்டார்.

"மேடம், வேற போட்டோ ஒன்ன உள்ள சொருகிட்டீங்க. எடிட் பண்ணதுன்னு ஒரு லைன் எழுதிக் குடுங்க, மாட்டிடலாம். இல்லன்னா வாபஸ் வாங்கிக்கங்க."

"சொருகல சார். இருந்ததத்தான் எடுத்தேன்."

"சும்னே ஆர்க்யூ பண்ணாதீங்க மேடம்."

எங்கள் கூட்டத்தில் ஒட்டுவேலைப் படத்தை நிஜம் என்று காட்டினால் அத்தோடு சரி, அப்புறம் நீங்கள் எதை எடுத்தாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்திருந்தால் படமும் ஏறியிருக்கும், வம்பும் முடிந்திருக்கும். ஆனால் நான் ஏன் எழுத வேண்டும்? செய்யாத திருட்டுக்குக் கையெழுத்துப் போடவா எங்கள் அம்மா என்னைப் பெற்றாள்? நூறு படங்களையும் அப்படியே அனுப்பினேன். தனித்தனியாகப் பார்த்தால் அதில் சாம்பல் நிறத் தீற்றல்தான் இருந்தது, சேர்த்தால்தான் அவள் வந்தாள். அதற்கும் அவர் மசியவில்லை. 'சரி, வீட்டுக்கு வாங்க சார், நீங்களே பட்டனை அழுத்துங்க' என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு காலை வந்தார். தன் மெமரி கார்டு, தன் லேப்டாப், எல்லாம் அவருடையது. அதே வண்டு, கூண்டு கட்டவில்லை. அவரே பட்டனை அழுத்திவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார், நான் அதே நாற்காலியில். இந்தத் தடவை நான் அடங்கி உட்காரவில்லை. எவளோ வந்து நிற்பதற்கு நான் ஏன் மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று வீம்புக்கு இழுத்து இழுத்து மூச்சு விட்டேன். நடுவில் மூக்கு அரித்தது, நன்றாகவே சொறிந்தேன். சுதாகர் சார்கூட முறைத்தார்.

பன்னிரண்டு நிமிடம் முடிந்து அவரே படத்தைச் சேர்த்தார். கட்டில் ஓரத்தில் அவர் கலைந்து கிடந்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் அவள் இருந்தாள், அதே புடவை, அதே கை. ஆனால் அவளும் கலைந்திருந்தாள். இப்போது அவளுக்கு மூன்று தோள்பட்டை, மார்புப் பக்கம் புடவை இரண்டு மூன்று விளிம்பாக விரிந்திருந்தது.

நான் மட்டும் தெளிவாக இருந்தேன். மடியில் கட்டிய கை, துப்பட்டாவின் நூல்வரை தெரிந்தது.

சுதாகர் சார் படத்தில் என் கையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"மூக்கச் சொறிஞ்சீங்கல்ல மேடம்? நா பாத்தேனே."

"ஆமா சார்."

தன் மெமரி கார்டைக் கழற்றி என் மேசையில் வைத்தார், இனி அது தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் படம் கண்காட்சியில் ஏறியது, கீழே எந்த வரியும் எழுதவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஜெயித்தது நான்தான். அவர் மட்டும் இப்போது என்னைக் கண்டால் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார், கை கொடுப்பதில்லை.

வீட்டைக் காலி பண்ணச் சொல்லி எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். ஏன் காலி பண்ண வேண்டும்? எல்லா ஞாயிறும் எடுக்கிறேன், கூண்டு கட்டாமல்தான் எடுக்கிறேன். அவள் வருகிறாள், வரட்டும், நிற்கட்டும். பட்டனை அழுத்துவதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம் மட்டும் செய்கிறேன், மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். மூச்சு வருகிறது. ஒவ்வொரு தடவையும் சூடாக வருகிறது. படத்தில் மட்டும், சுதாகர் சார் வந்த அன்றிலிருந்து இன்றுவரை, நான் ஒரு தடவைகூடக் கலையவில்லை.