கிழித்துக் காட்டிய சீலை

போன கிழமை நெடுங்கேணிப் பக்கம் போய் ஒரு சீலையைக் கிழித்தேன்.

இந்தக் கிழமை வேறு ஏதாவது எழுதலாம் என்றுதான் இருந்தேன். கை ஓடவில்லை. இதையே எழுதிவிடுகிறேன்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். பழைய சீலைகளைக் கீலம் கீலமாகக் கிழித்து, நிறம் பார்த்து அடுக்கித் தைப்பேன். சுவரில் தொங்கவிடும் படம், கட்டில் விரிப்பு, இப்படி ஏதாவது வரும். கண்காட்சி நடந்தால் கொண்டுபோய் விற்பேன். கொஞ்ச நாளாகப் பேசவும் கூப்பிடுகிறார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளை மைக்குக்கு முன்னால் விட்டால் என்ன பேசுவாள்? எனக்குப் பேச்சு வராது. அதனால் ஒரு வித்தை வைத்திருந்தேன்.

தொடங்கும்போதே ஒரு சீலையைக் கிழிப்பேன்.

முன்னுக்கு இருக்கும் யாராவது ஒருவரைக் கூப்பிடுவேன். சீலையின் ஒரு கரையை அவர் கையில் கொடுப்பேன். மறு கரை என் கையில். தலைப்பின் நடுவில் வீட்டிலேயே சின்னதாக ஒரு வெட்டு வைத்திருப்பேன் - பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஒரு இழுவை... சர்ரென்று போகும். சனம் திடுக்கிடும். பிறகு சிரிக்கும். பிறகு கைதட்டும். மல்லாவியில் தட்டினார்கள். கிளிநொச்சியில் எழும்பி நின்று தட்டினார்கள். அதற்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் கேட்பார்கள்.

இந்த முறை கூப்பிட்டது காட்டோரக் குடியிருப்பு ஒன்றின் மாதர் சங்கம். மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் பாதி. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள் பாதி. ட்ரக்டரின் பின்பெட்டியில் ஏறி இருந்து போனேன். தென்னங்கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குள் பெண்கள் பாய் விரித்து இருந்தார்கள். மைக் இல்லை. அது எனக்கு நிம்மதி.

கொண்டுபோனது ஒரு மெல்லிய பச்சை வொயில் சீலை. மாங்காய்க் கரை. மல்லாவியில் ஒரு வாத்தியார் வீட்டு அம்மா, சாயம் இறங்கிவிட்டது என்று தந்தது. எனக்கும் அது பழசாகத்தான் தெரிந்தது.

முன்னால் இருந்தவரைக் கூப்பிட்டேன். பெயர் பாக்கியம். என் வயதுதான் இருக்கும். மலையகப் பேச்சு. எழும்பி, கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு வந்தார். சீலைக் கரையைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார். குனிந்து கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் கண்டேன். கண்டும் என்ன நினைத்தேன்? என் வேலைக்கு மரியாதை செய்கிறார் என்று நினைத்தேன்.

இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். பிடித்தபடி சனத்தின் பக்கம் திரும்பி, முகத்தை நிமிர்த்தி, அசையாமல் நின்றார்.

இழுத்தேன்.

வொயில் அல்லவா, பாதிச் சீலைவரை போய்விட்டது.

ஒருவரும் தட்டவில்லை. பாக்கியம் கரையை விடவும் இல்லை. கிழிந்த இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"நான் புடிச்சது பிழையாங்க, டீச்சரம்மா?"

எனக்கு விளங்கவில்லை. இல்லை, இது கிழிப்பதற்கென்றே கொண்டுவந்த சீலை என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆனால் கை இன்னும் சீலையில்தான் இருந்தது.

பின்வரிசையில் தவமணி என்று ஒருவர். இடம்பெயர்ந்து வந்தவர், நல்ல வாய். இருந்த இடத்திலிருந்தே சொன்னார்.

"அக்கா, இஞ்ச ஒரு ஆளை முன்னுக்குக் கூப்பிட்டு ஒரு பக்கத்தைக் கையில குடுத்தா, அது அந்த ஆளுக்குத்தான். நிவாரணம் குடுக்கிறவை அப்பிடித்தான். படம் எடுத்து முடியுமட்டும் அவையும் ஒரு பக்கத்தைப் பிடிச்சுக்கொண்டு நிப்பினம். பிறகு விட்டிடுவினம். நீங்கள்தான் விடேல்ல."

இன்னொருவர், கிழித்துப்போட்டுக் கொடுப்பது புது முறையாக்கும் என்றார். கொட்டில் முழுக்கச் சிரித்தது. பாக்கியமும் சிரித்தார். மற்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் என் முகம் வாடிவிடக்கூடாதே என்று சிரித்தார். எது தாங்கலாம், சொல்லுங்கள்?

மிச்சக் கதையையும் தவமணிதான் சொன்னார். பாக்கியத்தின் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள். இந்த வெள்ளிக்கிழமை சடங்கு. சீலை கொண்டுவர வேண்டிய தாய்மாமன் மலையகத்தில், அட்டன் பக்கம் இருக்கிறார். சண்டையால் பாதை பூட்டு. வர வழியில்லை. வெளியே போய்வர என்று நாலைந்து வீட்டுக்கும் பொதுவாக ஒரு நல்ல சீலை சுற்றி வருகிறதாம். அதையே பிள்ளைக்கும் கட்டுவதாக இருந்தார்களாம். அந்த நேரம் பார்த்து நான் ஒரு பச்சைச் சீலையோடு போய், ஆளை எழுப்பி, கையிலும் கொடுத்திருக்கிறேன்.

அதைக் கேட்ட பிறகாவது வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் வழக்கமான பேச்சையே பேசினேன். பழையது என்று ஒன்றையும் எறியாதேங்கோ என்றேன். யாரிடம்? எறிவதற்கு அங்கே என்ன இருந்தது? ஆனாலும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்று பேசுகிறவருக்குச் சனத்தின் மௌனம் எல்லாம் மரியாதையாகத்தான் தெரியும். இத்தனை நாள் எனக்கும் அப்படித்தான். எத்தனை கொட்டிலில், எத்தனை மண்டபத்தில் ஏமாந்தேனோ...

முடிந்ததும் பாக்கியத்திடம் போனேன். விற்க வைத்திருந்த விரிப்பை நீட்டினேன். வாங்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு முதல் வேறு சீலை கொண்டுவந்து தருகிறேன் என்றேன். அதற்கும் தலையாட்டவில்லை.

"இதைக் கண்ணுல ஒத்திட்டேங்க. புள்ளைக்குன்னு நெனைச்சுப்புட்டேன். இதையே தைச்சுக் குடுங்க. நீங்க தைக்கிற ஆளுதானே."

தவமணி விடவில்லை. "நல்ல நாளில கிழிஞ்சதையோ பிள்ளைக்குக் கட்டுறது?"

"தைச்சா அப்புறம் ஏன் கிழிஞ்சதுங்கிறீங்க?" என்றார் பாக்கியம்.

அந்தக் கொட்டிலிலேயே இருந்து தைத்தேன். பச்சை நூல் என்னிடம் இல்லை. பாதை பூட்டிய பிறகு நூல் எந்தக் கடையில் இருக்கிறது? சீலையின் உள்முனையிலிருந்தே இழை உருவினேன். ட்ரக்டர்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார். பெண்கள் சுற்றிவர நின்று பார்த்தார்கள். ஊசி கையில் இரண்டொரு இடத்தில் ஏறியது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு பொடித் தையல் நான் போட்டதில்லை. என்ன போட்டும் என்ன? கிழிவது எல்லோருக்கும் வடிவாகத் தெரியவேண்டும் என்று வெட்டைத் தலைப்பில் அல்லவா வைத்திருந்தேன். கட்டினால் தையல் நேரே தோளில் வந்து நிற்கும்.

"மடிப்புல மறைஞ்சிடும்ங்க" என்றார் பாக்கியம்.

மறையாது. எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

சீலையை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு ட்ரக்டர் வரைக்கும் கூட வந்தார். நான் பெட்டியில் ஏறின பிறகு சொன்னார்.

"வெள்ளிக்கெழமை வந்துருங்கம்மா. மாமன்தான் இல்ல. சீலை குடுத்தவங்களாவது நிக்கணும்ங்க."

போகிறேன். இன்னொரு சீலையும் எடுத்து வைத்திருக்கிறேன். அதை வாங்கித் துணிப்பெட்டியில் வைப்பார். பிள்ளைக்குக் கட்டுவது பச்சையைத்தான்.

சடங்குக்கு வரும் சனமெல்லாம் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும். என் கண் தோளுக்குத்தான் போகும்.