அக்கா சூடேற்றிய டிரம்பெட்

ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த சீன டிரம்பெட் அது. அக்கா மணப்பெண்ணாகக் கோத்தகிரி சர்ச்சுக்குள் நுழையும்போது நான்தான் வாசிப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். விரலால் அழுத்தும் வால்வுகள் மட்டும் கொஞ்சம் சிக்கின. அதற்கான எண்ணெய் வரும்வரை பொறுக்காமல், முந்தின நாள் தேங்காய் எண்ணெயை விட்டேன். அருமையாக வழுக்கின.

டிசம்பர் காலை. சர்ச் வாசலில் எடுத்தால் ஒரு வால்வும் அசையவில்லை. எண்ணெய் உறைந்திருந்தது.

“ஏன்டா முழிக்கிற?” என்றாள் அக்கா. சொன்னேன்.

“டிசம்பர்ல எண்ணெ பாட்டில அடுப்போரம் வெக்காம என்னைக்காச்சும் தலைக்குத் தேச்சிருக்கியாடா?” சிரித்தபடி பூச்செண்டை என்னிடம் திணித்துவிட்டு, டிரம்பெட்டைச் சால்வைக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“அக்கா, புடவை கறையாயிடும்!”

“ஆவட்டும் போடா.”

“நேரமாச்சு கண்ணு, ஃபாதர் காத்துட்டிருக்காரு,” என்றார் மாமா.

“கொஞ்சம் இருங்க மாமா. இவன் வாசிக்காம நான் உள்ள போகமாட்டனுங்க.”

எண்ணெய் இளகியது. வாசித்தேன். முதல் சுரமே பிசிறியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என் தடுமாற்றத்துக்கேற்ப நடையை மட்டும் மெதுவாக்கிக்கொண்டாள்.

அதுவரை, அவள் கல்யாணத்துக்கு நான்தான் பரிசு கொடுக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.