குப்பியில் மிஞ்சிய கொழுப்பு

என் மேசை இழுப்பறையில் சுண்டுவிரல் உயரக் கண்ணாடிக் குப்பி ஒன்று கிடக்கிறது. காலிதான். ஒரு காலத்தில் காசநோய்க் கிருமியின் மேலுறையிலிருந்து பிரித்த கொழுப்பு அதன் அடியில் மெழுகுபோல ஒட்டியிருந்தது. நாகர்கோவில் ஆய்வுக்கூடத்தில் எனக்கு மூத்தவளான முட்டத்து அக்கா யாரையும் அதைத் தொடவிடமாட்டாள்.

நம் ரத்தத்தில் காவலுக்குத் திரியும் டி அணுக்களில் பெரும்பாலானவை கிருமியின் புரதத் துண்டைக் கண்டுதான் விழிக்கும். கொழுப்பைக் கண்டு விழிப்பவை வெகு சில. அதையும் வேறோர் அணு ஏந்திக் காட்ட வேண்டும். காசம் வந்து குணமானவர்களின் ரத்தத்தில் அந்தச் சில அணுக்கள் பழைய பகையை மறக்காமல் இருக்கின்றனவா என்பதே அக்காவின் ஆய்வு. ஆனால் ரத்தம் தருவதாகச் சொன்னவர்கள் வரமாட்டார்கள். இந்த நோய் வந்ததை வெளியே சொல்ல யாருக்குத் துணிச்சல் இருக்கிறது?

அக்காவுக்கே கல்லூரி நாளில் வந்து குணமாகியிருந்தது; அப்போது எனக்கு அது தெரியாது. வாயே திறக்கக் கூடாது என்று அவள் அம்மா சத்தியம் வாங்கியிருந்தார். அது, தடை இருந்தால் சொல்லும்படி மூன்று ஞாயிறு மாதா கோயிலில் வாசிக்கும் கல்யாண ஓலை அவளுக்கு வாசிக்கப்பட்ட நேரம். தடை சொல்பவர் யாருமில்லாமல் இரண்டு ஞாயிறு கடந்திருந்தது, இன்னும் ஒன்று பாக்கி. மாப்பிள்ளை, கல்ஃப் விசா கிடைக்காமல் ஊரோடு தங்கிய எலக்ட்ரீசியன்.

ரத்தம் தருவதாகச் சொன்ன ஆள் அன்றும் வரவில்லை. அக்கா நர்ஸிடம் கையை நீட்டினாள். நோய் வராத ரத்தம் எதற்கு என்று கேட்டேன்.

"வந்த ரெத்தந்தான் மக்கா" என்றாள்.

மறுநாள் அவள் ரத்த அணுக்களை இட்டுவைத்த சோதனைத் தட்டைப் பார்த்தோம். கொழுப்பு இடாத குழிகள் வெறுமையாக இருந்தன. இட்ட குழிகளில், விழித்த அணுக்கள் இருந்த இடமெல்லாம் நீலப் புள்ளிகள். நான் துள்ளினேன். அவள் கண் கலங்கியது.

"எல்லாம் முழிச்சு கெடக்கு பாத்தியா? இனி நான் என்னத்த மறைக்க?"

அங்கேயே மாப்பிள்ளையை ஃபோனில் அழைத்துச் சொன்னாள். கேட்கக் கேட்க அவள் கண்ணில் நீர் வழிந்தது. அந்த ஆளை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். பிறகு அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். அவர் சொன்னதை எனக்கும் சொன்னாள்:

"விசா வராம போகல்ல. மெடிக்கல்ல எக்ஸ்ரே எடுத்து, நெஞ்சுல பழைய டிபி தழும்பு இருக்குன்னு தள்ளிட்டானுவ. ஒன்ட்ட சொல்ல எனக்குப் பயம்."

மூன்றாம் ஓலைக்கு நானும் முட்டம் போனேன். சாமியார் அடுத்த அறிவிப்புக்குப் போகும்வரை அக்காவின் அம்மா தலை நிமிரவில்லை. பாவம், மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

கல்யாணம் முடிந்த பிறகு ஒருநாள் மாப்பிள்ளை வேலை உடுப்போடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். எதற்கு வந்தீர்கள் என்று வாசலில் கேட்டவரிடம், கூடியிருந்தவர்கள் காதில் விழும்படி, "எனக்கு டிபி வந்து மாறினது, ரெத்தம் குடுக்கணும்" என்றார். குப்பியில் மிஞ்சியிருந்த கொழுப்பு அவர் ரத்தத்துக்குத்தான் செலவானது. காலிக் குப்பியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.