முனியப்பனின் முதல் கலயம்

எங்கள் குடும்பத்தில் முதல் அடி விழுந்தது ஒரு கலயம் சாராயத்துக்காக. அடித்தவர் என் கணவரின் அண்ணன். அடிபட்டவர் என் கணவர். ஊறலைக் கிண்டுகிற மரத்துடுப்பை எடுத்துத் தோளில் ஓங்கி ஒரு போடு போட்டார். நான் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். ஈரத்துணியைக் கல்லில் அறைந்தது மாதிரி ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினால், என் கணவர் சாம்பலில் குப்புறக் கிடந்தார்.

அந்தக் கலயத்தின் கதையைச் சொல்ல வேண்டுமானால் துரைகளிலிருந்து தொடங்க வேண்டும். சேலத்துக்கு மேற்கே வெள்ளைக்கல் வெட்டும் சுரங்கம் ஒன்றில் இரண்டு துரைகள் இருந்தார்கள். பெரிய துரை ஸ்காட்லாந்துக்காரர். சின்ன துரை அமெரிக்காக்காரர், இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள வந்தவர். என் கணவர் அவர்களுடைய பங்களாவில் பட்லர். நான் அதே பங்களாவில் கோழி உரிப்பதும் பாத்திரம் துலக்குவதுமாக இருந்தேன். எங்கள் ஜில்லாவில் மதுவிலக்கு வந்திருந்தது. துரைகளுக்கு மட்டும் பர்மிட் உண்டு. பெரிய துரை குடிப்பது பார்லியில் காய்ச்சிய அவர் ஊர்ச் சரக்கு. சின்ன துரை குடிப்பது போர்பன், மக்காச்சோளத்தில் காய்ச்சி, உள்புறம் தீயில் கருக்கிய புதுப் பீப்பாயில் ஊறப்போடுவது. யார் ஊர்ச் சரக்கு உசத்தி என்று தினம் சாயங்காலம் இரண்டு பேரும் மல்லுக்கு நிற்பார்கள். படித்தவர்கள், வெள்ளைச் சட்டைக்காரர்கள். குடித்தால் எங்கள் ஊர்ச் சந்தைச் சண்டை தோற்றுப்போகும்.

யுத்தம் வந்தது, கப்பல் நின்றது, போர்பன் தீர்ந்தது. பெரிய துரையின் அலமாரியில் மட்டும் புட்டிகள் மிச்சமிருந்தன. அவர் அதைச் சொல்லிச் சிரித்தபோது சின்ன துரை கண்ணாடித் தம்ளரை வீசினார். அது பெரிய துரையைத் தாண்டி என் கணவரின் நெற்றியைப் பிளந்தது. தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் என்னிடம் சொன்னார்:

"சரக்கில்லாத தொரைகிட்ட தெனமும் அடி வாங்கறதுக்கு, நாமளே சோளத்துல காய்ச்சிக் குடுத்துப்போடலாம் புள்ள."

காய்ச்சுவது எங்களுக்குப் புதிதில்லை. முனியப்பன் கோயில் நோம்பிக்கு வெல்லமும் வேலம்பட்டையும் ஊறப்போட்டுக் காய்ச்சிய குடும்பம் அது. என் கணவரின் அண்ணன், என் மச்சாண்டார்தான் அந்தக் கோயில் பூசாரி. கொஞ்சம் மானாவாரிக் காடும் ஒரு பட்டி மேச்சேரி ஆடும் வைத்திருந்தார். பெண்டாட்டி செத்துப்போய்ப் பிள்ளையில்லாத மனிதர். கோபம் மட்டும் இரண்டு ஆளுக்குப் போதுமானது இருந்தது.

பங்களாவின் பின்கொட்டகையில் அடுப்புப் போட்டோம். துரை வீட்டுக் கொட்டகைக்குள் எந்தப் போலீஸ்காரரும் எட்டிப் பார்க்க மாட்டார். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு செம்புப் பானை அடித்து வாங்கினோம். மக்காச்சோளத்தை இடித்து வேகவைத்து, முளைகட்டிய ராகியைக் கலந்து இனிப்பேற்றி, புளிக்க விட்டுக் காய்ச்சினோம். பெரிய துரை நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையில் பிரம்போடு வேலை சொல்லிக் கொடுத்தார். போர்பனை அவர் ஊர் முறையில் ஆக்கிக் காட்டி, சின்ன துரையின் வாயை அடைக்க வேண்டும் என்பது அவருக்கு வீம்பு.

அவருடைய முறை இதுதான். பானையிலிருந்து முதலில் சொட்டுவது கண்ணைக் கரிக்கும், அது வேண்டாம். கடைசியில் வருவது நனைந்த சாக்கு மாதிரி நாறும், அதுவும் வேண்டாம். நடுவில் வருவதை மட்டும் எடுத்துப் பீப்பாயில் ஊற்ற வேண்டும். முதலையும் கடைசியையும் கீழே கொட்டாமல் அடுத்த ஈட்டு ஊறலில் சேர்த்துத் திரும்பக் காய்ச்ச வேண்டும். ஒரு தடவை என் கணவர் முதலில் வந்ததை நடுவோடு சேர்த்துவிட்டார். பிரம்பு விரல் முட்டியில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் மறக்கவில்லை.

எங்களிடம் கருக்கிய பீப்பாய் ஒன்றும், பெரிய துரை கொடுத்த பழைய பிராந்திப் பீப்பாய்கள் இரண்டும் இருந்தன. ஒரே சரக்கு, மூன்று பீப்பாயில் மூன்று குணம். கருக்கியதில் கிடந்தது சிவந்து, வெல்லப்பாகு வாசனையோடு இருக்கும், ஆனால் நாக்கில் பலகையை வைத்தது போலத் துவர்க்கும். பழைய பீப்பாய் ஒன்றில் கிடந்தது சாது. இன்னொன்றில் காய்ந்த திராட்சையின் மணம் இருக்கும். மூன்றிலும் கொஞ்சம் எடுத்துத் தம்ளரில் கலந்து, தண்ணீர் விட்டு, முகர்ந்து பார்த்துத்தான் பக்குவம் சொல்ல வேண்டும். துரைமார் சுருட்டுப் பிடித்தவர்கள், என் கணவர் பொடி போட்டவர். அதனால் முகர்கிற வேலை எனக்கு வந்தது. குடிக்காமலே குடிகாரி என்று பேர் வாங்கினேன். பலகைத் துவர்ப்பு போய்ப் பாகு வாசனை மட்டும் மேலே நிற்கிற இடம் ஒன்று உண்டு, அங்கே நான் தலையாட்டுவேன். கலந்ததை உடனே குடிக்கவும் கூடாதாம். திரும்பப் பழைய பீப்பாயில் விட்டு, ஒன்றோடொன்று பழகுகிற வரை ஆறப்போட வேண்டுமாம்.

"சாராயத்துக்குக் கண்ணாலம் பண்ணி, மறுவூடு அனுப்பற மாதிரிதான்," என்று என் கணவர் சிரிப்பார்.

அடி விழுந்த காரணத்துக்கு இப்போது வருகிறேன். எங்கள் பக்கத்தில் பானையிலிருந்து இறங்குகிற முதல் கலயம் முனியப்பனுக்கு. பூசாரி அதைக் கொண்டுபோய் வேலுக்கு அடியில் மண்ணில் ஊற்றுவார். நாற்றமடிக்கிற அதை யாரும் வாயில் வைத்ததில்லை. மச்சாண்டார் கொட்டகைக்கு வந்து கேட்டபோது, என் கணவர் அதை அடுத்த ஊறலில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சாமி பங்க எடுத்து வெள்ளக்காரனுக்கு ஊத்தறயாடா?"

"மொதல்ல வாரது வெசம்ணா. வெசத்த எப்படிச் சாமிக்குக் குடுக்கறது?"

"எத்தன தலமொறையாக் குடுத்தமே, அத வெசம்னு எவன்டா சொன்னான்?"

இதற்குப் பிறகுதான் துடுப்பு. என் கணவர் சாம்பலிலிருந்து எழுந்து அண்ணனின் வயிற்றில் முட்டினார். இரண்டு பேரும் உருண்டதில் அடுப்புக் கல் சரிந்து, மச்சாண்டாரின் முழங்கை வெந்துபோனது. நான் ஊறல் தண்ணீரை வாளியோடு எடுத்து இருவர் தலையிலும் ஊற்றி விலக்கினேன். ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்த பார்வையை அன்று பார்த்தேன். ஒரு உயிர் போகாமல் இது ஓயாது என்று பட்டது. அது யாருடையதாக இருந்தாலும் என் கணவருடையதாக இருக்கக் கூடாது. அப்போதிலிருந்து எனக்கு அது ஒன்றுதான் கவலை.

சமாதானம் பேசினேன். சாமிக்கு முதல் கலயத்துக்குப் பதில் ஆறிய சரக்கு ஒரு கலயம், துரைமார் குடிக்கிற அதே சரக்கு. மச்சாண்டார் முகர்ந்து பார்த்து ஒத்துக்கொண்டார். கொண்டுபோய்ப் பாதியை மண்ணில் ஊற்றினார், மீதியைக் குடித்தார். நல்ல சரக்கு, மண்ணுக்கு எதற்கு என்று தோன்றியிருக்கும். அப்புறம் மண்ணுக்குச் சொட்டு மட்டும்தான். கோயிலில் கூடுகிற ஆட்களும் பிரசாதம் என்று ஆளுக்கு ஒரு முழுங்கு வாங்கிக்கொண்டார்கள். முனியப்பன் பங்கைக் குடிப்பது எங்கள் ஊரில் ஆரம்பித்தது அப்படித்தான்.

குடி மச்சாண்டாரை அவிழ்த்துவிட்டது. வண்டி மாட்டின் வாலைக் கடித்தார். தண்ணீர் பங்குக்காகப் பக்கத்துக் காட்டுக்காரரின் மண்டையை மண்வெட்டிக் காம்பால் உடைத்தார். இன்னும் ஒரு கலயம் கொடு என்று கேட்டு, இல்லை என்றதும் என் கணவரின் காதைப் பிடித்துத் திருகினார், மடல் கிழிந்து தொங்கியது. என் கணவரும் சும்மா இருக்கவில்லை. செருப்பால் அடித்து அண்ணனின் பல்லைப் பெயர்த்தார். நான் யார் கையைப் பிடித்தாலும் அந்தக் கை என் மேல்தான் விழும்.

அந்தக் கோடையில் ஆடுகளுக்குக் கழிச்சல் வந்தது. பட்டியில் பாதிக்கு மேல் விறைத்துக் கிடந்தன. மச்சாண்டார் செத்த ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய், அருள் வந்து ஆடினார். முதல் கலயத்தைத் திருடிவிட்டார்கள், அது திரும்ப வராமல் ஒரு உசிரும் தங்காது என்று சாமி சொன்னது. ஆடு செத்த மற்றவர்களும் அங்கே இருந்தார்கள். அத்தனை பேரும் பங்களாவுக்கு வந்தார்கள்.

துரைமார் சுரங்கத்துக்குப் போயிருந்த காலை நேரம். பானை அப்போதுதான் சொட்ட ஆரம்பித்திருந்தது. மச்சாண்டார் என் கணவரை உதைத்துத் தள்ளிவிட்டு, கலயத்தைத் தானே பிடித்தார். நாங்கள் முதலில் வந்ததைத் திரும்பத் திரும்ப ஊறலில் சேர்த்துக் காய்ச்சியதில், அது ஈட்டுக்கு ஈடு கடுமையாகிக்கொண்டே போயிருந்தது. செம்புப் பானையின் களிம்பும் முதல் சொட்டோடுதான் இறங்கும். நெடி எட்டி நின்ற எனக்கே கண்ணில் நீர் வரவைத்தது. அவர்களோ சரக்கு நல்ல காட்டம் என்று சொல்லிக்கொண்டே கலயத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

நாங்கள் பின்னாலேயே ஓடினோம். வேலுக்கு முன்னால் என் கணவர் அண்ணனின் காலைக் கட்டிக்கொண்டார். அதுவரை அவர் யார் காலிலும் விழுந்து நான் பார்த்ததில்லை.

"அண்ணா, பழைய மாதிரி மண்ணுல ஊத்திப்போடு. குடிக்காத. நான் இனிமே சாமி பங்கத் தொடல."

"சாமி பங்கு வெசமாடா? நல்லாப் பாத்துக்க."

கலயத்தைத் தூக்கி மடமடவென்று குடித்தார். மிச்சத்தைப் பக்கத்தில் நின்ற ஒருவர் வாங்கி வாயில் கவிழ்த்துக்கொண்டார்.

என் கணவர் எழுந்து அண்ணனின் வயிற்றில் குத்தினார். அவர் மல்லாந்து விழுந்ததும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, தாடையை அழுத்திப் பிளந்து, தொண்டைக்குள் விரலை விட்டார். குடித்ததைக் கக்க வைக்கத்தான் அப்படிச் செய்கிறார் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. ஊருக்குத் தெரிந்தது வேறு. பூசாரியைச் சாமி முன்னால் வைத்துத் தம்பி கொல்கிறான். அவ்வளவு நாளும் இருவரும் அடித்துக்கொண்டதைப் பார்த்தவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? ஆட்டுக்கொட்டகைக் கழிகளைப் பிடுங்கினார்கள். முதல் அடி முதுகில் விழுந்தது, அவர் விரலை எடுக்கவில்லை. அடுத்தது தலையில் விழுந்தது. வேண்டாம், வெசம், வெசம் என்று கத்திக்கொண்டு நான் குறுக்கே பாய்ந்தேன். ஒருத்தன் என் முடியைப் பிடித்து இழுத்து வேலியோரம் எறிந்தான். மச்சாண்டார் குபுக்கென்று கக்கினார். அதற்கப்புறம்தான் என் கணவர் பக்கவாட்டில் சாய்ந்தார். சாய்ந்த பிறகும் அடித்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் உயிர் போய்விட்டது. மிச்சத்தைக் குடித்த ஆள் மறுநாள் செத்தார். பார்வை போய், மூச்சு முட்டிச் செத்தார். அப்போதுதான் ஊருக்கு விளங்கியது. கழி பிடித்த கைகள் என் வாசலில் வந்து கும்பிட்டன. நான் அந்த முகங்களில் காறித் துப்பினேன். இன்றைக்கு வந்தாலும் துப்புவேன்.

காரியம் முடிந்த கையோடு பங்களாவிலிருந்து ஆள் வந்தது. பீப்பாயில் ஆறிக்கொண்டிருப்பதில் எதில் எவ்வளவு கலந்தது என்று துரை கேட்கச் சொன்னாராம். நானே வந்து சொல்கிறேன் என்று விறகுக் கோடாலியை எடுத்துக்கொண்டு போனேன். மூன்று பீப்பாயையும் பிளந்தேன். வளையம் தெறித்து என் தாடையைக் கிழித்தது, நிறுத்தவில்லை. சரக்கு முழங்கால் நனைய ஓடியது. சின்ன துரை துப்பாக்கியோடு வந்தார். பெரிய துரை அவருடைய தோளைப் பிடித்து நிறுத்தி, அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். போலீஸ் விசாரித்தபோது கொட்டகையில் பானை இருந்ததே தங்களுக்குத் தெரியாது என்று இருவரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் அவர்கள் ஒத்துப்போனதைப் பார்த்தேன்.

மச்சாண்டார் பிழைத்தார். கண் இரண்டும் போய்விட்டது, கை நடுங்கித் தட்டில் நிற்காது. பார்க்க ஆள் இல்லாததால் என் வீட்டில் கொண்டுவந்து போட்டார்கள். எனக்கு இரக்கம் பொங்கி வழியவில்லை. என் புருசன் உயிரைக் கொடுத்து வாங்கி வைத்த ஆள். பட்டினி போட்டுச் சாக விட்டால் அவர் செத்ததற்கு அர்த்தமில்லாமல் போய்விடும். அதற்காகத்தான் மூன்று வேளையும் பிசைந்து ஊட்டினேன். சில நாள் வேண்டுமென்றே உப்புப் போட மாட்டேன். அவரும் கேட்க மாட்டார்.

ஒரு மத்தியானம் கம்பஞ்சோற்றைப் பாதி மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"அன்னிக்கு அவன் வெரலக் கடிச்சேன் புள்ள."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"எலும்பு பல்லுல தட்டற வரைக்கும் கடிச்சேன். உருவிக்குவான்னு பாத்தேன். அவன் இன்னும் உள்ளார உட்டான்."

சோற்றுக் கையை அப்படியே அவர் முகத்துக்கு நேராக ஓங்கினேன். அவருக்கு அது தெரியவில்லை. சத்தம் ஒன்றும் கேட்காததால் அடுத்த வாய் வருகிறது என்று நினைத்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் ஒரு உருண்டை உருட்டி, விரல் படும்படி உள்ளே வைத்தேன்.