மண்வெட்டி பிடித்த அரசனும் கெல்லாக்கின் சிரிப்பும்

"அர்கல் பட்டத்த விட்டு இறங்குற அன்னைக்கு நான் சிரிப்பேன் பாருங்க ஒரு சிரிப்பு! பாறை மேல வெயில் காயுற கடல்நாயெல்லாம் பயந்து தண்ணிக்குள்ள குதிக்கும்!"

கோடைத் திருவிழாவில் வண்டி மேல் ஏறி நின்று இப்படி முழங்கியவர் கெல்லாக். மந்தை நிறையப் பசுக்களும் ஆற்றோரம் பார்லி வயலும் உள்ள சம்சாரி. வாள் பிடித்தவரல்லர், பன்றி அறுக்கும் கத்தியைக்கூட அவர் மனைவி லாசர்தான் பிடிப்பாள். ஆனால் மனதில் கறுவுவதில் எங்கள் நாட்டில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

காரணமும் லேசானதல்ல. அர்கல் பட்டமேறிய விருந்தில், கெல்லாக்கின் தகுதிக்கு உரிய இடுப்புக்கறி வரவில்லை. முழங்கால் எலும்பு வந்தது. என்ன இது என்று எழுந்து கேட்டார்.

"நீ பேச ஆரம்பிச்சா பொழுது சாயுதே கெல்லாக்கு. வாய்க்கு ஒரு வேலை இருக்கட்டும்னுதான். கடி" என்றான் புது அரசன். மண்டபமே உருண்டு புரண்டு சிரித்தது. கெல்லாக் எலும்பைக் கடிக்கவில்லை. பல்லைக் கடித்தார்.

பழிவாங்க அவர் தேர்ந்தெடுத்தது சட்டத்தை. மண்வெட்டி, கோடரி, சுத்தியல் மூன்றும் குடியானவன் கைக்கு உரியவை. எங்கள் அரசன் அவற்றில் ஒன்றைப் பிடித்து வேலை செய்தால், அன்றோடு அவன் மதிப்பு குடியானவன் மதிப்பாகிவிடும், பட்டமும் போய்விடும். ஆகவே கெல்லாக் கோட்டைக்கு எதிரே முட்புதரில் படுத்து, அரசன் எப்போது வேலை செய்வான் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தார். அரசனோ பட்டத்தின் மேல் பக்தியோடு ஒரு வேலையும் செய்யாமல் இருந்தான்.

"ஏ மனுசா, வேலியெல்லாம் விழுந்து கெடக்கு. அவன் கோடரி எடுக்குறானான்னு பாக்கிற நேரத்துல நீ ஒரு தடவ எடுக்கலாம்ல?" என்பாள் லாசர்.

"பொம்பளைக்கு அரசியல் புரியாது" என்று சொல்லிவிட்டு அவர் பன்றிப் பட்டிக்குப் போய்ச் சிரித்துப் பழகுவார். முதலில் மிரண்ட பன்றிகள், போகப் போகத் தூங்கப் பழகிவிட்டன.

ஒரு மழைக்காலத்தில் லாசர் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். கெல்லாக் பகலெல்லாம் புதரில் நனைந்தார். கோட்டையில் ஆள் நடமாட்டமே இல்லை. வெறுத்துப்போய் வீடு திரும்பினால், ஆறு கரையை உடைத்திருந்தது. வயலில் முழங்கால் சேற்றில் நின்று, கெல்லாக்கின் மண்வெட்டியாலேயே தண்ணீரைத் திருப்பி வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தான் அர்கல். மடாலயத்திலிருந்து தனியாக வந்த வழியில், கூப்பிட்டுப் பார்த்தும் வீட்டில் ஆள் இல்லாததால் இறங்கிவிட்டான் போலும்.

கெல்லாக் கண்ணுக்குப் பார்லி தெரியவில்லை, மண்வெட்டிதான் தெரிந்தது. அரசன் வெட்டி முடித்துப் போகும்வரை வைக்கோற்போருக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றார். அவ்வளவு ஆனந்தமாக அவர் அதுவரை நனைந்ததில்லை.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் வழக்கு வந்தது.

"சாட்சி யாரு?" என்றார் நியாயக்காரர் க்ரோனான்.

"நான்தான்."

"வேற?"

"மழை."

கூட்டம் சிரித்தது. க்ரோனான் சிரிக்கவில்லை. "ராஜா இல்லன்னு ஒரு சத்தியம் பண்ணினா உன் சத்தியம் செல்லாது. தெரியும்ல? பொய்ப்பழி சொன்னதுக்கு உன் மந்தையே போயிரும்."

தெரியும். எல்லோரும் அரசனைப் பார்த்தார்கள்.

"தோண்டினேன்" என்றான் அர்கல். "இடுப்பு இன்னும் வலிக்குது."

"ராஜா, கொஞ்சம் யோசிச்சு..."

"தோண்டினேன்யா."

சட்டம் சட்டம்தான். க்ரோனான் தீர்ப்பைச் சொல்லி முடிக்கும் முன்பே, அர்கலின் சித்தப்பா மகன் ஆசனத்தின் தூசியைத் தட்ட ஆரம்பித்திருந்தான். அர்கல் மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, ஆசனம் இருந்த மேட்டிலிருந்து இறங்கினான்.

கூட்டம் முழுவதும் கெல்லாக் பக்கம் திரும்பியது. அருகில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கெல்லாக் மார்பை நிமிர்த்தி, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, வாயைத் திறந்தார்.

அர்கல் அவரைக் கடந்து போகையில் நின்றான்.

"கெல்லாக்கு, பார்லி தேறிச்சா?"

சிரிக்க இழுத்த மூச்சு வெறும் மூச்சாகவே வெளியே வந்தது.

"தேறிருச்சுங்க ராஜா" என்றார் கெல்லாக், பக்கத்தில் நின்ற லாசருக்கே கேட்காத குரலில்.